நாவற்பழத்திலிருந்து வினாகிரி செய்தல்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் உலர் வலயத்தின் குளக்கட்டுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் கோயில் வளவுகளிலும் நிற்கும் நாவல் மரங்கள் பழுத்துச் சொரிகின்றன. சிறுவர் நாக்கு ஊதாநிறமாகும்வரை தின்பர். வௌவால்களும் பறவைகளும் தம் பங்கைக் கொள்ளும். சிலர் பெட்டியிற் சேர்த்துச் சந்தைக்கும் கொண்டுசெல்வர். ஆயினும் பழம் மெல்லிய தோலுடையதாதலின், பறித்த மறுநாளே கசிந்து புளிக்கத் தொடங்கும். தூர இடங்களுக்கு அனுப்புதல் இயலாது. ஆகவே பெரும்பகுதி மரத்தின் கீழேயே அழுகி ஒழிகின்றது.

இக்காலத்தையடுத்துச் சிறுபோக மரக்கறிகள் சந்தைக்கு வருகின்றன. கறிமிளகாய், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், கத்தரி என்பன எல்லார் தோட்டத்திலும் ஒரே வேளையில் விளையும்போது விலை இறங்குவதைக் கமக்காரர் அறிவர். அவ்வேளை விற்க முடியாததை அச்சாறு இட்டு வைக்கலாமேயென்று எண்ணுவோருக்கு முதலில் தடையாக நிற்பது வினாகிரியின் செலவாகும். மிளகாயும் வெங்காயமும் தம்முடையன. வினாகிரி மாத்திரம் கடையில் வாங்க வேண்டியது. அவ்வாறு வாங்குவதும் பல வேளைகளில் அசெற்றிக்கமிலத்தை நீரிற் கலந்து செய்யப்பட்ட செயற்கை வினாகிரியாக இருக்கும். மண்ணிற் கிடந்து அழுகும் பழத்தைக் கொண்டு நல்ல வினாகிரியை வீட்டிலேயே ஆக்கலாம். இதற்கு வேண்டியவை மூன்று மாதப் பொறுமையும் சுத்தமான பாத்திரங்களும் இரு வேறு உயிர்களின் செயலைப் பற்றிய சிறிது அறிவுமேயாம்.

பழச்சாறு எவ்வாறு வினாகிரியாகின்றது?

பனங்கள்ளைக் காலையில் இறக்கி மூடாது வைத்தால் மாலையில் அதன் சுவை மாறிவிடுவதையும், சில நாட்களிற் கடும் புளிப்பாவதையும் யாவரும் கண்டிருப்பர். அங்கே நிகழ்வதே இங்கும் நிகழ்கின்றது. முதலில் மதுவம் எனப்படும் நுண்ணுயிர், அதாவது பாண் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ற், சாற்றிலுள்ள வெல்லத்தை உண்டு, அதனை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. இதற்குக் காற்று வேண்டியதில்லை. பின்னர் அசெற்றிக்குப் பற்றீரியா என்னும் வேறோர் உயிர், காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அம்மதுசாரத்தை அசெற்றிக்கமிலமாக மாற்றுகின்றது. இதற்குக் காற்று இன்றியமையாதது. 1860 களில் பிரான்சு தேசத்து விஞ்ஞானியாகிய லூயி பாஸ்ரர் இவ்விரு செயல்களையும் ஆராய்ந்து, வினாகிரியின் மேற்பரப்பிற் படரும் ஏடு உயிருள்ளதென்றும், அதுவே புளிப்பை உண்டாக்குகின்றதென்றும் காட்டினார்.

வீட்டில் வினாகிரி செய்யப் புகுவோர் பலர் தவறுவது இவ்விரு கட்டங்களையும் ஒன்றாகக் குழப்புவதினாலேயே. பழத்தைப் பிசைந்து சீனியும் நீரும் சேர்த்து வாயகன்ற பானையில் திறந்து வைத்துவிட்டுப் புளிப்பை எதிர்பார்ப்பர். அங்கே மதுவம் தன் வேலையை முடிக்குமுன் அமிலம் தோன்றி மதுவத்தைத் தடைசெய்கின்றது. வெல்லத்திற் பாதி மாறாது எஞ்சி நிற்க, இனிப்புங் குறையாமற் புளிப்பும் நிறையாத ஒரு நீர் கிடைக்கும். அதிற் பூஞ்சணம் பிடிப்பது இலகு. முதலாவது கட்டத்தை முற்றாக முடித்த பின்னரே இரண்டாவதைத் தொடங்குதல் வேண்டும்.

வெல்லத்தின் அளவுக்கும் புளிப்பின் அளவுக்கும் தொடர்புண்டு. நிறையில் 100 பங்கு வெல்லம் 50 பங்குக்குச் சற்றே கூடிய மதுசாரத்தைத் தரக்கூடும். நடைமுறையில் அதனிலுங் குறையும். உணவுக்கு உதவும் வினாகிரியில் 100 மில்லிலீற்றருக்கு 4 கிராமேனும் அசெற்றிக்கமிலம் இருத்தல் வேண்டும். நாவற்பழச் சாற்றிலுள்ள வெல்லம் தனியே நின்றால் இவ்வளவுக்கு ஒருவாறு போதும். ஆனால் பழம் தடித்த சதையுடையதாதலின் நீர் சேர்த்தே பிழிய வேண்டியிருக்கின்றது. அந்நீருக்கு ஈடாகவே சீனி சேர்க்கப்படுகின்றது. சீனியைக் கூட்டினால் வினாகிரி மேலும் பலமாகுமென்று எண்ணுதல் தவறு. மதுசாரம் மிகுந்தால் அசெற்றிக்குப் பற்றீரியா தொழிற்படமாட்டாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை

முதலாவது கட்டத்தின் இறுதியிற் பாத்திரத்திலிருப்பது பழமது. அதனை அந்நிலையிலேயே நிறுத்திப் பானமாக வைத்துக்கொள்ளலாமோ என்று கேட்போர் உளர். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் ஆக்குதல் குற்றமாகும். வீட்டுக்கென்று செய்தோம், காட்டுப் பழத்திற் செய்தோம் என்பன அதற்கு விடையாகா. வினாகிரியின் பொருட்டுப் புளிக்கவைப்போரும், தம் அளவுக்கும் முறைக்கும் அனுமதி வேண்டுமோவென்பதைத் தொடங்குமுன்னரே அண்மையிலுள்ள மதுவரி அலுவலகத்திற் கேட்டு அறிந்துகொள்ளுதல் வேண்டும். பானை பொங்கும்போது விளக்கம் சொல்ல நேர்வதிலும் இது நன்று. இந்நீரை வடித்தெடுக்க முயலுதல் சட்டவிரோதமானது மாத்திரமன்றி உயிருக்கும் ஆபத்தானது.

பழம் சேகரித்தல்

நாவல் மரம் முறியும் இயல்புடையது. கொம்பு தடித்துத் தோன்றினாலும் மனிதன் பாரத்தைத் தாங்குமென்று நம்பி ஏறுதலாகாது. மரத்தின்கீழே பழைய சேலை, படங்கு அல்லது வலை விரித்து, நீண்ட கொக்கத்தடியாற் கொம்புகளை உலுப்பினால் நன்கு பழுத்தவை தாமே விழும். நன்கு பழுத்தது கருநீலமாகவும் அழுத்தினால் நெகிழ்வதாகவும் இருக்கும். செம்மை கலந்த பழம் துவர்ப்பு மிகுந்தது, வெல்லங் குறைந்தது. சிறிய காயுடைய காட்டு நாவலும் இதற்கு உதவும். ஆயினும் விதை பெரிதாயும் சதை சிறிதாயும் இருப்பதால் கூடுதலான பழம் வேண்டும்.

எந்த மரத்தின் பழத்தைக் கொள்வது என்பதிலும் கவனம் வேண்டும். வயல் வரம்பில் அல்லது மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மரமாயின், அண்மையிற் பூச்சிகொல்லியோ களைகொல்லியோ தெளிக்கப்பட்டதா என்று விசாரித்தல் வேண்டும். தெளித்திருப்பின் அம்மரத்தை அவ்வருடம் விட்டுவிடுதலே தகும். மெல்லிய தோலின்மேற் படிந்த மருந்தைக் கழுவி முற்றாக நீக்கலாமென நினைத்தல் கூடாது. ஒதுக்கக் காடுகளிலும் வனசீவராசிகள் சரணாலயங்களிலும் பழம் எடுக்கப் புகுமுன் உரிய திணைக்களத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டப்பட்ட காணிகளுக்குள், எத்தனை மரம் பழுத்து நின்றாலும், ஓரடியேனும் வைத்தலாகாது. காட்டோரங்களில் அதிகாலையிலும் அந்தியிலும் பழம் பொறுக்குதல் புத்தியன்று. பாலைப்பழம் பழுக்கும் பருவத்திற் கரடிகள் பழமரங்களைத் தேடி வருவதை வன்னியிலுள்ளோர் அறிவர்.

பாலைப்பழம் இனிப்பு மிகுந்ததாயினும் அதன் பால் பிசினாக ஒட்டுவதால் சாறு பிழிய ஏற்றதன்று.

பாத்திரங்கள்

கண்ணாடிப் போத்தல், சீனச்சாடி, துருப்பிடியாத உருக்குப் பாத்திரம், உணவுக்கென விற்கப்படும் பிளாஸ்ரிக் வாளி என்பன உகந்தவை. செம்பு, பித்தளை, அலுமினியம், நாகமுலாமிட்ட வாளி என்பன ஆகா. அமிலம் அவற்றைக் கரைத்து வினாகிரியை நஞ்சாக்கும். மெருகிட்ட பழைய சாடிகளிற் சிலவற்றின் மெருகில் ஈயம் இருக்கக்கூடுமாதலின், எங்கு செய்ததென்று தெரியாத சாடியை விலக்குதல் நன்று.

விவசாய இரசாயனம் வந்த கான்களையும் போத்தல்களையும் எவ்விதத்திலும் உபயோகித்தலாகாது. எத்தனை முறை சவர்க்காரமிட்டுக் கழுவினும், எத்தனை நாள் வெயிலிற் காயவைப்பினும், அவை உணவுக்கு உதவா. இத்தகைய கான்களில் நீர் மொண்டு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அவ்வழக்கம் வினாகிரிக்கு வரலாகாது, நீருக்கும் வேண்டியதில்லை.

தெரிந்தெடுத்த பாத்திரங்களையும் அகப்பை, துணி, இறப்பர்க் குழாய் முதலியவற்றையும் நன்கு கழுவி, சுடுநீரைத் தாங்கக்கூடியவற்றைக் கொதிநீரில் அலம்பி எடுத்தல் வேண்டும்.

முதலாவது கட்டம்

பழம் 5 கிலோகிராம், கொதித்தாறிய நீர் 2½ இலீற்றர், சீனி 400 கிராம், பாணுக்கு இடும் உலர்ந்த ஈஸ்ற் ஒரு தேக்கரண்டி என்பன வேண்டும்.

பழங்களைக் கழுவி, பூஞ்சணம் பிடித்தவற்றையும் புழு விழுந்தவற்றையும் நீக்குக. கையினாலாவது மர மத்தினாலாவது பிசைந்து சதையை விதையினின்று பிரித்தல் வேண்டும். விதை உடையலாகாது, உடைந்தாற் கைப்பு இறங்கும். தோலை எறிதலும் ஆகாது. நிறமும் மணமும் அதிலேயே உள்ளன. சீனியை நீரிற் கரைத்துச் சதையுடன் சேர்த்து, ஈஸ்றை இளஞ்சூடான நீரிற் பத்து நிமிடம் ஊறவைத்துக் கலந்து, பாத்திரத்தின் மூன்றிலொரு பங்கு வெறுமையாக இருக்கும்படி விட்டுத் துணியால் மூடிவைக்க. பழத்தோலில் இயற்கையாகவே மதுவம் உண்டு. ஈஸ்ற் இடாமலும் புளிக்கும். ஆயினும் தோலில் வேறு பல உயிர்களும் உண்டாகையால், முந்திக்கொள்வது எதுவென்று சொல்ல முடியாது. ஒரு தேக்கரண்டி ஈஸ்றைச் சிக்கனம் பிடித்து ஐந்து கிலோப் பழத்தை இழத்தல் அறிவுடைமையன்று.

ஒரு நாளிற்குள் நுரை எழும். தோலுஞ் சதையும் மேலே மிதந்து தடித்த மூடிபோலாகும். இம்மூடி உலர்ந்தாற் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே காலையும் மாலையும் சுத்தமான அகப்பையால் அதனை உள்ளே அமிழ்த்திக் கலக்குதல் வேண்டும். நான்காம் அல்லது ஐந்தாம் நாள் துணியில் வடித்துப் பிழிந்தால் ஏறத்தாழ 4 முதல் 5 இலீற்றர் நீர் கிடைக்கும். அதனை வாயொடுங்கிய போத்தல்களிற் கழுத்தளவாக நிரப்பி, வாயிற் பஞ்சு அடைத்து அல்லது மூடியைத் தளர்வாக வைத்து, நிழலில் விடுக. மூடியை ஒருபோதும் இறுக்கலாகாது. வாயு வெளியேற வழியின்றேல் போத்தல் வெடிக்கும். கண்ணாடித் துண்டு பட்டுக் கண்ணிழப்பதற்கு ஒரு கணமே போதும். அடுக்களையிற் சிறுபிள்ளைகள் நடமாடும் வீடுகளில் இதனை இருமடங்கு கவனித்தல் வேண்டும்.

மேலும் ஏழு முதற் பத்து நாட்களில் குமிழிகள் நின்று, மண்டி அடியிற் படியும். நுனிநாவில் ஒரு துளி இட்டாற் சிறிதும் இனிப்பிராது. இனிப்பிருப்பின் இன்னுஞ் சில நாள் பொறுத்தல் வேண்டும். பின்னர் மண்டி கலங்காதவாறு இறப்பர்க் குழாயாற் தெளிந்த நீரை மாத்திரம் எடுத்துக்கொள்க.

இரண்டாவது கட்டம்

இங்கு வேண்டியது உயிருள்ள வினாகிரி. கடையிற் கிடைக்கும் செயற்கை வினாகிரியில் உயிர் இல்லை. சூடாக்கி அடைத்த போத்தலிலும் இல்லை. தென்னங்கள்ளிலிருந்து செய்து, சூடாக்காமல் வைத்திருக்கும் வினாகிரியே வேண்டும். அதன்மேல் மிதக்கும் வழுவழுப்பான ஏடு கிடைப்பின் இன்னும் நன்று. இவ்வேட்டை வினாகிரித்தாய் என்பர். ஒருமுறை இதனைப் பெற்றுக்கொண்டவர் ஒவ்வொரு தடவையும் சிறிது மீதி வைப்பாராயின், பின்னர் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

தெளிந்த நீர் நான்கு பங்குக்கு உயிருள்ள வினாகிரி ஒரு பங்கு கலந்து, வாயகன்ற சாடியிற் பாதியளவே ஊற்றுதல் வேண்டும். நீரின் ஆழம் குறைந்தும் மேற்பரப்பு அகன்றும் இருந்தாற் காற்று நன்கு படும். நெருக்கமான இழையுடைய துணியை இரண்டாக மடித்து வாயிற் கட்டுக. புளிப்பு மணத்தைத் தேடிவரும் சிறு பழ ஈக்கள் உட்புகுந்து முட்டையிடுமாதலின், துணி தளர்ந்திருத்தலாகாது. சாடியை வெயிலும் அடுப்புச் சூடும் படாத, காற்றோட்டமுள்ள மூலையில் வைத்தல் வேண்டும். எமது நாட்டின் தாழ்நிலங்களின் சாதாரண வெப்பநிலையே இப்பற்றீரியாவுக்கு மிகவும் உகந்தது. குளிர் தேசங்களில் இதற்கென அறையைச் சூடாக்குகின்றனர், இங்கு அச்செலவில்லை.

இரண்டு வாரமளவில் மெல்லிய ஏடு படரும். அதனைக் கலக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குதல் வேண்டும். ஏடு உடைந்து தாழ்ந்தாற் காற்றின்றி வேலை தடைப்பட்டு, புதிய ஏடு படரும்வரை நாட்கள் வீணாகும். ஏடு வழுவழுப்பாக இருத்தல் இயல்பே. வெண்மையாய், உலர்ந்து, சுருக்கம் விழுந்து தோன்றுவது காட்டு மதுவம். அமிலம் குறைந்தமைக்கு அது அடையாளம். அதனை அகற்றி மேலும் சிறிது உயிருள்ள வினாகிரி சேர்க்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர்போல எழுவது பூஞ்சணம். அப்படியாயின் முழுவதையும் கொட்டிவிட்டுச் சாடியைக் கொதிநீரால் அலம்புதல் வேண்டும். மேலே வழித்தெடுத்துவிட்டு உபயோகிக்க நினைத்தல் ஆகாது. நடுவில் நகப்பூச்சின் மணம் போன்றதொரு மணம் எழுவதுமுண்டு. அது பெரும்பாலும் நாளடைவில் நீங்கிவிடும்.

ஆறு முதற் பத்து வாரங்களில் மதுசாரத்தின் மணம் நீங்கிக் கூரிய புளிப்பு மிகும். இதன்பின்னும் சாடியைத் திறந்தே வைத்திருத்தல் பெருந்தவறு. மதுசாரம் தீர்ந்ததும் அதே பற்றீரியா தான் ஆக்கிய அமிலத்தையே உண்டு, நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றத் தொடங்கும். கூடுதலான நாள் வைத்தாற் கூடுதலான புளிப்பென்று காத்திருந்தவரின் சாடியில் ஈற்றில் எஞ்சுவது சப்பிட்ட நீரே.

எனவே அடுத்த தடவைக்கு ஒரு போத்தல் எடுத்துவைத்து, மிகுதியைத் துணியில் வடித்து, போத்தல்களில் நிரப்புக. அடியிற் துணி விரித்த பாத்திரத்தில் அவற்றை நிறுத்தி, மூடியைத் தளர்வாக வைத்து, நீரூற்றி, 65 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரைமணி நேரம் சூடாக்கி, பின் மூடியை இறுக்குதல் வேண்டும். இவ்வாறு செய்தது ஒரு வருடத்துக்கு மேலும் கெடாதிருக்கும். நிறம் முதலிற் கருஞ்சிவப்பாகவும், நாட்செல்லப் பழுப்பு கலந்தும் காணப்படும், அது பழுதன்று.

அச்சாறு இடுமுன் பலம் அறிதல்

வீட்டு வினாகிரியை மீன்குழம்புக்கோ சம்பலுக்கோ வெங்காயம் ஊறவைத்து அன்றே உண்பதற்கோ உபயோகிப்பதில் இடரில்லை. மாதக்கணக்கில் வைக்கும் அச்சாற்றுக்கு அப்படியன்று. புளிப்பு போதாத அச்சாற்றில், காற்றில்லாப் போத்தலினுள், உயிரைப் போக்கும் நஞ்சை உண்டாக்கும் பற்றீரியா வளரக்கூடும். அந்நஞ்சுக்கு மணமோ சுவையோ இராது. நாக்கு இவ்விடத்தில் நல்ல நீதிபதியன்று. 3 வீதத்துக்கும் 4 வீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது அறியாது.

அளவிடும் முறை கடினமானதன்று. விஞ்ஞான ஆய்வுகூடமுள்ள எந்தப் பாடசாலையிலும் ஆசிரியரின் உதவியுடன் செய்துகொள்ளலாம். வினாகிரியில் 6 மில்லிலீற்றரைச் சரியாக அளந்து, நிறம் மங்கும்வரை கொதித்தாறிய நீர் சேர்த்து, பினோப்தலீன் சில துளி இட்டு, ஒரு மோலார்ச் செறிவுள்ள சோடியமைதரொட்சைட்டுக் கரைசலைத் துளித்துளியாக விடுதல் வேண்டும். முடிவுநிலை தோன்றும்வரை எத்தனை மில்லிலீற்றர் செலவாகின்றதோ, அத்தனை வீதம் அமிலம் உண்டு. 4 செலவானால் 4 வீதம். நாவற்பழத்தின் ஊதாநிறமே காரம் பட்டதும் மாறும் இயல்புடையதாகையால், நீரைத் தாராளமாகச் சேர்த்து ஐதாக்கினாலன்றி முடிவுநிலை தெளிவாகத் தெரியாது. இக்காரம் தோலையுங் கண்ணையும் எரிக்கும். ஆசிரியரே அதனைக் கையாளட்டும்.

4 வீதத்திற் குறைந்ததை வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்க. விற்பனைக்கு அச்சாறு செய்ய எண்ணுவோர் ஒவ்வொரு தடவையும் பலம் பார்த்தல் வேண்டும். உணவுச் சட்டத்தின்கீழ் வேண்டப்படும் சுட்டுத்துண்டு முதலியவற்றைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிதலும் வேண்டும். நாவல் நீரிழிவுக்கு மருந்தென்று ஊரிற் கூறப்படுவதால் இவ்வினாகிரியை மருந்தாக விற்கவோ, வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தி இதனைக் குடிக்கவோ எவரும் முற்படலாகாது. இது சமையலுக்குரிய பொருள்.

பிழிந்த சக்கையைக் கூட்டெருக் குவியலிற் சேர்க்கலாம். நாவல் நாட்ட விரும்புவோர் பழத்தைப் பிசையும்போதே நல்ல விதைகளைப் புறம்பாக எடுத்து, கழுவி, தாமதியாது நாற்றுப் பைகளில் இடுதல் வேண்டும். இவ்விதை உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும். கன்றுகளைப் பற்றியும் இம்முறையைப் பற்றியும் மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பிரதேச விவசாயப் போதனாசிரியரை அணுகுக.